பயிற்சியாளர் அக்கா ‘வேணாம்’ சொன்ன நாள்

ஒன்பதாம் வகுப்பில், கபடி ஆட்டத்தில் என் இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. எதிரணிப் பெண்கள் நான்கு பேர் மடக்கியபோது உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பினேன். வீட்டுக்கு வீடு தறி மிதித்துக்கொண்டிருந்த தெருவில் என் கால் மட்டும் சும்மா கிடந்தது.

அப்பா வாலாஜாபாத் தடத்தில் பேருந்து நடத்துநர். எத்தனை நெரிசலிலும் கடைசிப் படி வரை எட்டும் குரல் அவருடையது. அந்தக் குரலுக்கு யாரும் மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவர்தான் விசாரித்து, ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த ஜிம்மில், பெண்களுக்குப் பயிற்சி தரும் அக்காவிடம் என்னைச் சேர்த்துவிட்டார்.

முதல் நாளே பளு தூக்கச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். அக்கா ஒரு துண்டைச் சுருட்டி என் முட்டிக்கு அடியில் வைத்தார். “அமுக்கு. பத்து எண்ணுற வரைக்கும் விடாத.” ஒரு மாதம் இதேதான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அப்புறம் படி ஏறி இறங்குவது. நான் மாடிக்கு ஏறி வரும் சத்தத்தை வைத்தே, “இன்னிக்கு வலது காலுக்கே வேலை குடுக்குற” என்று உள்ளேயிருந்து சொல்வார். எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு வியப்பாக இருக்கும்.

ஐந்தாவது மாதம் மாவட்டக் கபடி அணிக்கான தேர்வு வந்தது. அப்பா காக்கிச் சட்டையோடு நேராக ஜிம்முக்கு வந்துவிட்டார்.

“நல்லாத்தாம்மா நடந்துக்கினு இருக்குது. ஒரு நாள் ஆட்டந்தானே, ஆடட்டும்.”

“வலிக்கவே இல்லக்கா” என்றேன் நானும்.

அக்கா என்னை ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். வலது காலில் சுலபமாகக் குதித்தேன். இடது காலில் குதித்து இறங்கியபோது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. உயிர் போகும் வலி. பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

“வேணாம் சார். இன்னும் ரெண்டு மாசம் ஆகணும்.”

அப்பாவின் குரல் உயர்ந்தது. உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்களெல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “ஏம்மா, பொண்ணு எனக்கா, உனக்கா?”

“பொண்ணு உங்களுதுதான் சார். முட்டி அவளுது.”

அப்பா விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார். என் கனவைக் கெடுத்தவர் என்று அக்கா மீது எனக்கு ஆத்திரம். அடுத்த ஒரு வாரம் ஜிம் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் காலை அக்காவே துண்டோடு வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“திட்டணும்னா திட்டிக்கோ. அமுக்கிக்கினே திட்டு.”

அழுதுகொண்டே திட்டினேன். அவர் பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தார்.

தேர்வு நான் இல்லாமலே நடந்து முடிந்தது. அதற்கப்புறம் இரண்டரை மாதம் கழித்து ஐயம்பேட்டையில் ஒரு போட்டியில் களம் இறங்கினேன். முதல் முறை கபடி பாடிப் போனபோதே ஒருத்தியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினேன். “முட்டி! முட்டிய பாத்துக்கோ!” என்று மைதானமே அதிரக் கத்தியவர் அப்பாதான். அவர் பக்கத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றிருந்தார்.

அந்த வயதில் நான் பார்த்த மனிதர்களிலேயே அப்பாவுக்குப் பயப்படாதவர் அக்கா ஒருவர்தான் என்று நம்பியிருந்தேன். கல்லூரி முடித்த பிறகு ஒருநாள் இதை அவரிடமே சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

“அன்னிக்கு உங்கப்பா படி இறங்குனதும் பாத்ரூம்ல போய்த் தாப்பா போட்டுக்கினு அழுதேன்டி. மொத வேலை அது. இருபத்திரெண்டு வயசு எனக்கு.”

அந்த மாடியில் அன்று வலியை மறைத்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.