அப்பாவின் வரிசையில் ஒரு செல்லோ

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு இரண்டு வரிசை உண்டு. சரஸ்வதி படத்துக்குக் கீழே என் பாடப்புத்தகங்கள். எதிரே செய்தித்தாள் விரித்து அப்பாவின் ஸ்பானர், கட்டிங் பிளேயர், அரம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய அப்பா, பட்டறை பூஜையை முடித்துவிட்டு வந்து தாம்பரம் வீட்டிலும் ஒருமுறை சூடம் காட்டுவார். பொட்டு வைத்த சாமானை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அன்று படிக்க வேண்டாம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சாமி சரஸ்வதிதான்.

அந்த வருடம் அக்காவின் செல்லோவும் பூஜைக்கு வந்தது. தரையில் ஊன்றி, உட்கார்ந்து அணைத்தபடி வாசிக்கும் பெரிய வயலின் அது. நூறு வருடத்துக்கு முன் ஏதோ ஜெர்மன் ஊரில் கையால் செய்தது. அவளுடைய மாஸ்டர் நம்பிக் கொடுத்தது. மின்சார ரயிலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினால் யாராவது, "உள்ள இன்னாமா கீது?" என்பார்கள். அப்பாவின் கேள்வி வேறு. "கேக்க நல்லாத்தான் கீது. சோறு போடுமா?" அதற்குப் பதில் பூஜைக்கு மறுநாள் காலையில் தெரிந்துவிடும். ஓர் இசைக்குழுவில் சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். அக்காவுக்கு அன்றுதான் தேர்வு.

நான் செல்லோவைப் புத்தகங்களோடு வைத்திருந்தேன். அப்பா அதைத் தூக்கி ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். "பாட்டுன்னா சரஸ்வதி பக்கம் தானேப்பா?" என்றேன். "அது இங்கதான் பாப்பா" என்றார். பழைய வார்னிஷில் குங்குமம் படக்கூடாதென்று அக்கா சொல்லியிருந்ததால், பொட்டுக்குப் பதில் ஒரு சாமந்திப்பூ.

அதோடு விட்டிருக்கலாம். பட்டறையில் அன்றைக்கு மெஷின் பெல்ட்டுகளைத் தளர்த்தி விடுவார்கள், அவையும் ஓய்வெடுக்கட்டும் என்று. அக்கா குளிக்கப் போன நேரத்தில் அப்பா அதே பாசத்தோடு செல்லோவின் நான்கு தந்திகளையும் தளர்த்திவிட்டார். தந்திகளைத் தாங்கி நின்ற மரப்பாலம் சரிந்தது. உள்ளே ஏதோ டொக்கென்று விழுந்து உருண்டது.

அக்கா ஈரத்தலையோடு ஓடி வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியூரில் இருந்த மாஸ்டர் வீடியோ காலில் வந்து விளக்கினார். விழுந்தது விரல் பருமனில் ஒரு குச்சி. முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நின்று சத்தத்தைக் கடத்துவது அதுதான். அந்தச் செல்லோவுக்கென்றே அளவாகச் செதுக்கியது. "கோந்து போட்டு ஒட்டிடலாமே" என்றேன். ஒட்டவே கூடாதாம். தந்தியின் இறுக்கத்தில்தான் நிற்குமாம். அதை நிறுத்த இரண்டு பக்கமும் வளைந்த ஒரு கம்பி வேண்டும். ரிப்பேர்காரருக்கு போன் போட்டால், அவர் கடையிலும் பூஜை. நாளைக்குத்தான் சாமானைத் தொடுவாராம்.

அப்பா தன் வரிசையைப் பார்த்தார். பிறகு பொட்டோடு இருந்த கட்டிங் பிளேயரையும் அரத்தையும் எடுத்தார். காய்ச்சலில் படுத்தபோதும் பூஜையை விடாத மனிதர். அவருக்காக நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கம்பிக்கு எங்கே போவது? கையில் கிடைத்தது தோசைத் திருப்பிதான். அதன் காம்பை வெட்டி, வளைத்து, முனையைக் கூராக்கினார். "நாளைக்கு தோசைய கையாலயா திருப்புறது?" என்றாள் அம்மா. ஆனாலும் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

அக்கா குச்சியை முன்பலகைத் துளை வழியாகக் குலுக்கி வெளியே எடுத்து, கம்பி முனையில் குத்தி உள்ளே விட்டாள். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் கம்பியை வாங்கி இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தார். விளக்கேற்றும் நேரத்துக்குக் குச்சி நின்றது. பாலத்தை வைத்து, தந்திகளை மெல்ல முறுக்கி, அக்கா வில்லை இழுத்தாள். பூஜையன்று வாசிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சத்தம் தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. சந்தோஷத்தில் நான் குதித்தேன். அப்பா திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

வாசித்து முடித்ததும் அக்கா செல்லோவைப் புத்தகங்கள் பக்கம் கொண்டுபோனாள். அப்பா அதை வாங்கி மறுபடியும் ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் வைத்து, புதுப் பூவும் வைத்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி அழ ஆரம்பித்தாள். அதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அந்த வரிசையில் அப்பா சோறு போடும் சாமானை மட்டும்தான் வைப்பார்.