கனடாவிலிருந்து திறந்த கேற்

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நான் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். நாய்கள் துரத்தியிருக்கின்றன. ஒரு வாத்தும் துரத்தியிருக்கிறது. ஆனால் மேலே இருந்து ஒரு குரல் வந்து என்னை மறித்தது ஒரே ஒரு நாள்தான்.

மாரி மழை விட்டு வெயில் எறிக்கத் தொடங்கியிருந்தது. நுளம்புக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. யாழ்ப்பாண நகரத்து ஒழுங்கை ஒன்றில் தவமணி என்ற பெண்ணின் மகளை டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்படி ஒரு கேஸ் வந்தால் சுற்றியுள்ள வீடுகளை எல்லாம் பார்க்க வேண்டும். தவமணி வீட்டில் சிரட்டை, வாளி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாம் பார்த்தோம். நுளம்பாக மாறும் புழு, ஒரு குடம்பிகூட இல்லை. மற்ற வீடுகளும் சுத்தம். மிச்சம் இருந்தது பக்கத்து மாடிவீடு மட்டும். அது பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர் அருளானந்தம் கனடாவில் இருந்தார்.

கேற்றில் கை வைத்தேன்.

“ஆர் உது? கையை எடும்!”

என்னோடு வந்த, நுளம்பு மருந்து விசிறும் வேலையாள் குணம் மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கேற்றுத் தூணின் உச்சியில் ஒரு கமரா. குரல் அதிலிருந்துதான் வந்தது.

“ஐயா, நான் பி.எச்.ஐ. டெங்கு செக்கிங்.”

“பி.எச்.ஐ எண்டு சொல்லிக்கொண்டுதான் இப்ப கள்ளரும் வருகினம். ஐடியைக் காட்டும்.”

அட்டையை உயர்த்திப் பிடித்தேன்.

“படத்திலை தலைமயிர் இருக்கு. உமக்கு இல்லையே?”

“அது சேர்விசிலை போனது, ஐயா.”

குணம் சிரித்தார். கமரா சிரிக்கவில்லை.

“என்ரை வீட்டிலை ஒருத்தரும் இல்லை. ஆளில்லாத வீட்டிலை நுளம்பு ஆரைக் கடிக்கப் போகுது?”

“நுளம்புக்குச் செட்டை இருக்கு, ஐயா. மதிலுக்கு மேலாலை பறந்துபோய்க் கடிக்கும்.”

அதற்கும் அவர் அசையவில்லை. சட்டத்தை எடுத்தேன்; மறித்தால் வழக்கு வரும் என்றேன்.

“நான் கனடா சிற்றிசன். உம்மடை சட்டம் எனக்குச் செல்லாது.”

“வீடு இஞ்சைதானே நிக்குது, ஐயா?”

இனிக் கேற்றைத் தொட்டால் அலாரம் அடிக்கும் என்றார். நான் தொடவில்லை. அவரே அடித்துக் காட்டினார். ஒழுங்கைச் சனம் முழுவதும் ஓடிவந்தது. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகப் புறப்பட்ட தவமணியும் வந்தார். அருளானந்தம் நடுவில் அந்த மதிலைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது. கஞ்சிப் போத்தலோடு அவர் நேரே கமராவுக்குக் கீழே போய் நின்றார்.

“அருள் அண்ணை, நான் தவமணி. சின்னவள் ஆஸ்பத்திரியிலை. பிளேற்லெட் இறங்கிக்கொண்டு போகுது. இவையளை ஒருக்கா உள்ளுக்கை விடுங்கோ.”

அலாரம் நின்றது. இணைப்பும் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“எந்த வார்ட், தவம்?”

குரல் வேறாக இருந்தது. தவமணி பதில் சொல்லி முடிப்பதற்குள் கேற் தானாக ஒரு பக்கம் ஓடித் திறந்தது. குணம் பின்னால் துள்ளினார்.

உள்ளே, மதிலோரத்து மாமரத்தடியில்கூட ஒரு சருகு இல்லை; கூலிக்கு ஆள் வந்து கூட்டுவாராம். வீட்டைச் சுற்றிலும் கமராக்கள். நாங்கள் போகும் பக்கமெல்லாம் அருளானந்தமும் வந்தார்.

“பூச்சாடியளைப் பாத்தனீங்களோ? காய்ஞ்சுபோய்க் கிடக்கு. நான் அப்பவே சொன்னனான்.”

போர்ட்டிகோவுக்கு முன்னால் சீமெந்தில் செய்த பெரிய அன்னம் ஒன்று நின்றது. முதுகில் பூ நடுவதற்கு ஒரு குழி. பூ இல்லை, மழைத்தண்ணீர்தான் நிறைந்திருந்தது.

“அதை விடுங்கோ. அது சும்மா வடிவுக்கு வைச்சது.”

அகப்பையால் அள்ளி வெள்ளைக் கோப்பையில் ஊற்றிக் கமராவுக்கு நேரே பிடித்தேன். கோப்பை முழுவதும் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

“உது தூசிதானே?”

“தூசி நீந்தாது, ஐயா.”

குணம் தண்ணீரை நிலத்தில் ஊற்றி, குழியைத் தேய்த்துக் கழுவி, மணலால் நிரப்பினார். தவமணியின் மகளைக் கடித்த நுளம்பு அந்த அன்னத்தில்தான் பிறந்தது என்று நான் கையெழுத்துப் போட்டுச் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. அருளானந்தம்தான் சொன்னார்: “என்ரை வீட்டாலைதானே, சேர், பிள்ளைக்கு வந்தது.”

பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்தாள். அருளானந்தம் பரிசோதகராகிவிட்டார். ஒழுங்கையில் யார் சிரட்டை எறிந்தாலும் எனக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வரும்.

ஒருநாள், “தவத்தின்ரை கூரைப் பீலியிலை இலை அடைச்சுத் தண்ணி நிக்குது. நான் சொன்னால் கோவிப்பா. நீங்கள் சொல்லுங்கோ” என்றார்.

“கேற்றிலை ஸ்பீக்கர் இருக்குத்தானே, ஐயா. நீங்களே சொல்லுங்கோ” என்றேன்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது தவமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கமராவுக்குக் கீழே நின்றார்.

“பீலி துப்பரவாக்கியாச்சு. முதலிலை உங்கடை மாவிலை எங்கடை கூரையிலை விழாமல் பாருங்கோ!”

“அது காத்துக்கு விழுறது, தவம். அதுக்கு நான் என்ன செய்ய?”

குணமும் நானும் சத்தம் போடாமல் சைக்கிளைத் திருப்பினோம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சட்டத்தைக் கடைசியில் எடுங்கள். அதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரரைக் கேற்றடிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்.