ஒரே கோட்டில் இருபத்துநான்கு நத்தைகள்

"ஐஸ் நிக்க மாட்டேங்கு."

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஜெயபாய் எட்டு வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம் இது. ஆய்வக உதவியாளர் பிச்சையா இதைக் கல்லூரி முழுக்க நடித்துக் காட்டுவார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார், இல்லாத பெட்டியைத் திறப்பார், சொந்தக்காரர் தவறிப்போன மாதிரி உள்ளே பார்ப்பார். "ஐஸ் நிக்க மாட்டேங்கு வே."

பெட்டியில் இருந்தது மீன்கடை ஐஸ். அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகளில் நத்தைச் சாறு. திருவேங்கடம் பக்கத்துக் குளத்தில் பொறுக்கிய நத்தைகளை ஒவ்வொன்றாக அரைத்து எடுத்தது. அந்தச் சாற்றை ஜெல் என்கிற வழவழப்பான பலகையில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், அதிலுள்ள புரதம் தன் மின்னேற்றத்துக்குத் தக்கபடி நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். சாயம் ஊற்றினால் கறுப்புக் கோடாகத் தெரியும். கோடு நிற்கும் இடம் வேறென்றால் புரதமும் வேறு.

ஜெயபாயின் தலைவலி இங்கேதான். மரபணுவில் எப்போதாவது நேரும் பிழைகளையும் குளத்து நத்தைகளின் எண்ணிக்கையையும் வைத்து அவர் போட்ட கணக்கு, பன்னிரண்டு வகைப் புரதமாவது இருக்க வேண்டும் என்றது. ஜெல்லில் தெரிந்ததோ நாலே கோடு. மிச்சமெல்லாம் அந்தக் கோடுகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்றார் அவர். ஒரு பிழையில் மின்னேற்றம் ஒரு படி ஏறும், இன்னொரு பிழையில் இறங்கும். ஏறி இறங்கியது பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

"ராஜபாளையம் போயிட்டு வந்தவனும் ஊரை விட்டே போகாதவனும் ஒரே பஸ் ஸ்டாண்டுல நிக்கான். பாத்துச் சொல்லுவீயளா வே, யாரு எவன்னு?"

"போனவன் கையில நாய்க்குட்டி இருக்கும்லா மேடம்" என்றார் பிச்சையா.

"அந்த நாய்க்குட்டியத்தான் எட்டு வருஷமாத் தேடுதேன்."

நெல்லையில் இருந்த ஆய்வு வழிகாட்டி சாம்ராஜ் சாருக்கு இதிலெல்லாம் சிரிப்பு வராது. 'பாருங்கம்மா' இல்லாமல் வாக்கியமும் வராது. "பாருங்கம்மா, கணக்கு சொல்லுதுன்னு எழுதாதீங்க, கண்ணுல காட்டுங்க. பாருங்கம்மா, மார்ச் முப்பத்தொண்ணோட உங்க பிஎச்.டி. பதிவு முடியுது. காட்ட முடியலன்னா அந்த அத்தியாயத்தை எடுத்துருங்க." எடுத்தால் எட்டு வருஷ ஆராய்ச்சியில் மிஞ்சுவது நத்தை பொறுக்கிய கதை மட்டும்தான். அதற்கு யாரும் முனைவர் பட்டம் தரமாட்டார்கள்.

மார்ச் முதல் வாரம். நாலில் ஒரே கோட்டில் நிற்கும் இருபத்துநாலு நத்தைகளின் சாற்றைக் கல்லூரியில் ஓட்டிப் பார்த்தார். இருபத்துநாலும் ஒரே இடம், ஒரே கறுப்பு. ஒவ்வொன்றிலும் பாதியைக் குளிர்பெட்டியில் விட்டுவிட்டு, மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு சாருக்குக் காட்ட நெல்லை பஸ் ஏறினார்.

நல்ல கூட்டம். கண்டக்டருக்கு இரக்க சுபாவம். "டீச்சர், மடியில வச்சுக்கிட்டு ஏன் சிரமப்படுதிய? இங்கன குடுங்க." வாங்கிய பெட்டியை டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் பத்திரமாக வைத்தார். "அண்ணாச்சி பாத்துக்கிடுவாவ." நிச்சயதார்த்தத் தட்டு ஆனாலும் பலகாரத் தூக்கு ஆனாலும் கூட்டத்தில் அங்கேதான் வைப்பது வழக்கம். ஜெயபாய் கண் அசந்துவிட்டார்.

நெல்லையில் இறங்கித் திறந்தால் ஐஸ் இல்லை. தண்ணீரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

"பாருங்கம்மா, கொட்டிருங்க" என்றார் சார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டேன். ஓட்டிப் பாத்துட்டுக் கொட்டுதேன் சார்."

சாயம் மெதுவாக ஏறியது. முதல் நத்தைக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு ஒரு கோடு. மூன்றாவது நத்தையின் இடத்தில் ஒன்றுமில்லை. நான்காவதன் கோடு கறுத்தது. எல்லாம் ஏறி முடிந்தபோது பதினைந்து கோடுகள் கரியால் இழுத்தது போல் நின்றன. ஒன்பது இடம் வெறிச்சென்று கிடந்தது.

"சூட்டுல கெட்டுப்போச்சு, பாருங்கம்மா."

"ஒரே பெட்டி சார், ஒரே சூடு. ஒன்பது மட்டும் ஏன் சார் கெட்டுச்சு?"

  இந்தத் தடவை சாம்ராஜ் சாரே பலகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் கல்லூரியில், குளிர்பெட்டியில் இருந்த பாதிச் சாற்றை ஐம்பத்தைந்து டிகிரி வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்து ஓட்டினார் ஜெயபாய். பிச்சையா நெல்லையில் குறித்துவந்த தாளைப் பார்த்துக் காணாமல்போன எண்களை வாசித்தார். மூன்று, ஏழு, எட்டு, பதினொன்று. ஒவ்வோர் எண்ணுக்கும் பலகையில் அதே இடம் காலி. ஒன்பதும் முடிந்தபோது யார் குரலையும் அவர் நடிக்கவில்லை. ஜெயபாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மின்னேற்றம் ஒன்றானாலும் சூடு தாங்குவது வேறு புரதம், தாங்காதது வேறு புரதம். யாரும் பார்த்திராத ஒன்றைக் கணக்கு சொல்லியிருக்கிறது. அது இத்தனை வருஷமும் அவர் கண்ணெதிரேயே ஒரே கறுப்பில் நின்றிருக்கிறது. மற்ற மூன்று கோடுகளுக்குள்ளும் யார் யார் நிற்கிறார்களோ. 

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி ஆய்வேடு போய்ச் சேர்ந்தது, அந்த அத்தியாயத்தோடு. ஜூனில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார், நிமிர்ந்தார். "உங்க கணக்கு சரியா வரணும்னு நீங்க ஆசைப்பட்டீங்க. அதனால ஒரே கோடு உங்களுக்கு மட்டும் ரெண்டாத் தெரியுதோ?"

ஜெயபாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் ஆசப்பட்டதுக்கெல்லாம் பிரியும்னா அது எட்டு வருஷத்துக்கு முன்னாலயே பிரிஞ்சிருக்கும் சார். எல்லாம் ஒண்ணுன்னு சொன்னது நம்மதான, நத்தை ஒருநாளும் அப்படிச் சொல்லலியே."