முழங்காலுக்கு மேலே

எங்கள் தெருவில் சித்தப்பாவைப் 'பாதி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பாதியெல்லாம் இல்லை. அவர் வாசலில் நுழைந்தால் உள்ளே வெளிச்சம் குறையும். பெயர் வைத்தவர் வெளியாள் இல்லை, அவருடைய கூடப்பிறந்த அண்ணன், அதாவது என் அப்பா.

காரணம் டெட்லிஃப்ட். தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து, இடுப்பு நிமிரும்வரை தூக்கி நிற்பதற்கு அந்தப் பெயர். சித்தப்பா தூக்குவது அதில் பிற்பாதி. இரண்டு பக்கமும் மரக்கட்டைகளை அடுக்கி, கம்பியை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கிருந்து தூக்க வேண்டும். குனிகிற வேலைதான் இல்லையே, இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் கம்பியின் இரு முனையிலும் மாட்டியிருக்கும் தட்டுகளை ஒருமுறை பார்க்க வேண்டும். தரையிலிருந்து எவனாலும் அசைக்க முடியாத எடையைத்தான் அங்கே ஏற்றுவார்கள். தூக்கும்போது கம்பி வில்லாக வளையும். கண்ணில் ரத்தம் கட்டும். மூக்கில் ஒழுகியதை நானே துடைத்துவிட்டிருக்கிறேன், என்னுடைய துப்பட்டாவில், சொல்லாமல் கொள்ளாமல்.

எங்களுக்கு வீடு மாற்றிக் கொடுக்கிற தொழில். ஒரு வேன், அப்பா, சித்தப்பா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்துவிட்டதால், பீங்கான் கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் இலாகா. நன்றாகப் பேசாத வீட்டுக்காரர்களின் பெட்டிமேல் 'உள்ளே பாம்பு' என்று எழுதி ஒட்டுவதும் என் இலாகாதான்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. கனமான சாமானை மாடியிலிருந்து இறக்கும்போது ஒருவர் கீழே, ஒருவர் மேலே. கீழே இருப்பவர் தோளில் பாரத்தைத் தாங்கியபடி பின்னால் பின்னால் இறங்குவார். மேலே இருப்பவர் சாமானைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக விடுவார். கீழே இருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் கையில். சித்தப்பா எப்போதும் கீழே. பலசாலி கீழே என்று அப்பா சட்டம் போட்டிருந்தார். பலசாலி அல்லாதவர் யார் என்பதைச் சட்டத்தில் எழுதவில்லை.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு இரும்பு பீரோ இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு போன் வந்தது. ஒரு கையை விட்டுவிட்டு எடுத்தார். மிச்சம் ஒரு கைக்கு அந்த பீரோ அடங்கவில்லை. சித்தப்பாவோடு சேர்ந்து அது கடைசிப் படிவரை போய் நின்றது. அவருடைய இடுப்புக்குள் இன்றைக்கும் தகடும் திருகாணியும் இருக்கின்றன.

"படி ஈரமா இருந்துச்சு" என்று அப்பா அன்றைக்குச் சொன்னார். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார். சித்தப்பா ஒன்றுமே சொன்னதில்லை. போன் விஷயம் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் பாத்திரம் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவில்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு சித்தப்பாவால் முழங்காலுக்குக் கீழே குனிய முடியாது. காலையில் ஷூ கயிற்றை நான்தான் கட்டிவிடுவேன். ஒருநாள் இரண்டு ஷூ கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். எழுந்து நின்றார், பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

"அவிழ்த்து விடுடி கழுதை."

"அடிக்க மாட்டீங்களே?"

"உன்னை அடிக்கணும்னா குனியணும். பிழைச்சுப் போ."

எல்லாரும் தூக்குகிற இடத்திலிருந்து அவரால் தூக்க முடியாது. அவரால் முடிந்த இடத்திலிருந்து அவர் தூக்கினார். அதற்குத்தான் அந்தப் பெயர்.

இந்த வருஷம் டாக்டர் கையை விரித்துவிட்டார். இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டுமாம். அதற்குப் பிறகு பாரம் என்றால் பால் பாக்கெட் மட்டும்தானாம். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு போட்டி மிச்சம் இருந்தது. முழங்கால் உயரத் தூக்கில் மாநில சாதனை ஒரு போலீஸ்காரர் கையில் இருந்தது. அதைவிட ஐந்து கிலோ கூட்டித் தூக்கப்போவதாகச் சித்தப்பா பெயர் கொடுத்தார்.

"எதுக்குங்க இந்த வீம்பு?" என்று சித்தி கேட்டாள்.

"ஒரு தடவை ஜெயிச்சுட்டா அண்ணன் அந்தப் பேரை விட்டுடுவாருல்ல" என்றார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். சித்தப்பா பழகும் ஜிம்மிலிருந்து கட்டைகளும் தட்டுகளும் எங்கள் வேனில்தான் போயின. காலையிலேயே நடுவர் டேப் வைத்து அளந்து, கம்பி பதினெட்டு அங்குலத்தில் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் போன கையோடு மண்டபத்து வாட்ச்மேன் வந்தார்.

"டைல்ஸ் உடைஞ்சா யாரு பதில் சொல்றது? கீழ ஏதாவது போடுங்க."

வேனில் ரெண்டே ரெண்டு ரப்பர் மேட் இருந்தன. அப்பா கட்டைகளைத் தூக்கி, பக்கத்துக்கு ஒன்றாக அடியில் செருகினார். சித்தப்பா நிற்கும் இடத்துக்கு மேட் இல்லை. அவர் அப்போது பின்னறையில் கை வழுக்காமல் இருக்கச் சுண்ணப்பொடி தடவிக்கொண்டிருந்தார். நான் அவருடைய ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன், ஒழுங்காக, இரட்டை முடிச்சு.

சித்தப்பா வந்தார். கம்பியைப் பிடித்தார். கம்பி முதலில் வளைந்தது, பிறகு தட்டுகள் கட்டையை விட்டுக் கிளம்பின, பிறகு சித்தப்பா நிமிர்ந்து நின்றார். முழுசாக. சரி என்று நடுவர் கையை இறக்கினார். கம்பியை இறக்கி வைத்ததும் கைதட்டலில் மண்டபம் இரண்டாகிவிட்டது. போலீஸ்காரரே வந்து கட்டிப்பிடித்தார். சித்தப்பாவின் கண் மட்டும் கூட்டத்தில் அப்பாவைத் தேடியது.

அப்பாவுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. பல்லெல்லாம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. நடுவரின் முதுகில் தட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"என் தம்பி தூக்கினது பாதி சார். அதுலயும் பாதி ரப்பர் தூக்கிடுச்சு!"

நடுவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன ரப்பர்?"

டேப் மறுபடியும் வந்தது. கட்டை மேட்மேல், ஆள் வெறும் தரைமேல். ஒரு விரல் தடிமனுக்குக் கம்பி கூடுதலாக ஏறியிருந்தது, அவ்வளவுக்குத் தூக்கும் தூரம் குறைவு. இந்த விளையாட்டில் அந்த ஒரு விரல் பெரிய விரல். சாதனை செல்லாது என்றார்கள்.

"ஐயோ, சும்மா தமாஷுக்குச் சொன்னேன் சார்" என்றார் அப்பா. "நான்தான் சார் வச்சேன். அவனுக்குத் தெரியாது."

"யாரு வச்சா என்னங்க? உயரம் உயரம்தான். வேணும்னா இன்னொரு தடவை தூக்கட்டும்."

சித்தப்பா அப்பாவைத் திட்டவில்லை. ரப்பர் மேட்டை எடுங்க என்று மட்டும் சொன்னார். எடுத்தார்கள். கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். எழும்போதே இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது. கம்பியைப் பிடித்தார். அது வளைந்தது. இடதுபக்கத் தட்டு கிளம்பியது. வலதுபக்கம் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் விடவே இல்லை. "போதும், இறக்குங்க" என்று நடுவர் கெஞ்ச வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது வேனில் ஒரு சிரிப்பு மூட்டலாம் என்று சித்தப்பாவின் சுண்ணப்பொடியை எடுத்து எனக்கே மீசை வரைந்துகொண்டேன். அவர் பார்த்தார். சிரிக்கவில்லை. தன் துண்டை நீட்டினார், துடைத்துக்கொள்ளச் சொல்லி.

வீட்டு வாசலில் யாரோ கேட்டார்கள். "என்ன ஆச்சு, பாதி ஜெயிச்சானா?"

அப்பா வாயைத் திறந்தார். வழக்கம்போல் ஏதோ வரும் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார். அதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. கொஞ்சம் லேட்.

அடுத்த வாரம் ஒரு மூன்றாவது மாடி வீட்டைக் காலி செய்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் சித்தப்பாவுக்கு அதுதான் கடைசி வேலை. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் இறங்க வேண்டும். பெல்ட் கட்டியாகிவிட்டது. அப்பா பழக்கத்தில் மேல்படியில் போய் நின்றார்.

"அண்ணே, இன்னைக்கு நீ கீழ போ."

"என்னடா?"

"என்னால பின்னால இறங்க முடியல. நீ போ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு டம்ளரை ரொம்ப அக்கறையாகச் சுற்றினேன். அவர் கீழே போனார்.

சித்தப்பா பெல்ட்டைப் பிடித்தார். பிடி சரியாகத் தொடைக்கு நேரே வந்தது, முழங்காலுக்கு மேலே, அவருடைய உயரத்தில். ஒவ்வொரு படியாக விட்டார். பூப்போல விட்டார். கீழே அப்பாவின் தலைமட்டும் தெரிந்தது. திருப்பத்துக்கு முன்னால் இருந்த படியில் சித்தப்பா நின்றுவிட்டார். ஃப்ரிட்ஜும் நின்றது.

"என்னடா நிறுத்திட்ட? இறக்குடா."

அப்பாவின் நெற்றியில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் நிறையப் படிகள் இருந்தன. எல்லாம் காய்ந்த படிகள்.

அப்போது அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. எந்நேரமும் அடிக்கிற போன்தான். அப்பாவின் இரண்டு கையும் ஃப்ரிட்ஜின் அடியில் இருந்தன. தலையை மட்டும் தூக்கித் தம்பியைப் பார்த்தார்.

சித்தப்பா கோபமாக இல்லை. ஷூ கயிற்றை அவிழ்க்கச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

"எடுத்துப் பேசுண்ணே. நான் பிடிச்சிருக்கேன்."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பா எடுக்கவில்லை. சித்தப்பா அடுத்த படிக்கு விட்டார்.