அம்மா போட்ட தளம்

பைபர் தூள் தோலில் பட்டால் அந்த அரிப்பு அன்றோடு போகாது. குளித்தாலும் தேங்காய் எண்ணெய் தேய்த்தாலும், பாயில் புரளும்போது முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டே இருக்கும். நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் சொறிந்துகொண்டே இருந்தோம். காலில் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்த அப்பா, எங்கள் அய்யா, எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

எங்கள் ஊர் வைகை அணை நீர்த்தேக்கத்தை ஒட்டி, ஆண்டிபட்டிப் பக்கக் கரையில் இருக்கிறது. தண்ணீர் ஏறிக் கிடக்கும் மாதங்களில் அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் அணையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் படகு. வடுகபட்டிப் பக்கம் களை எடுக்கவும் பூண்டு ஆயவும் போகிற பெண்களை ஏற்றிப் போவதற்காக அய்யா ஒரு பைபர் படகு வாங்கியிருந்தார். கேரளத்தில் ஏதோ ஒரு ஏரியில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து ஓய்ந்துபோய், குமுளி வழியாக லாரியில் வந்து இறங்கிய படகு. வெளியே நீலமும் வெள்ளையுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தளம்தான் சரியில்லை. நடந்தால் ஊறிப்போன அட்டையை மிதித்ததுபோல் அமுங்கும். "பழகிரும்" என்று சொல்லியே அய்யா ஓட்டினார். ஒருநாள் கரையில் ஏற்றிக் கட்டும்போது தளம் உடைந்து, அவர் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. எலும்பு முறிந்தது, உடைந்த பைபரின் விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்திருந்தது.

கோடையில் தண்ணீர் வற்றி, படகு வெடித்த வண்டல் தரையில் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்றார் அய்யா. அம்மா விடவில்லை.

"நான் சரிபண்ணுறேன். சரிபண்ணிட்டா நானே ஓட்டுவேன். ஏறுறது பூராம் பொம்பளைக. ஓட்டுறதுக்கு மட்டும் ஆம்பளதான் வேணுமா?"

அம்மா பிறந்தது பரிசலில் மீன் பிடிக்கிற வீடு. துடுப்புப் போட யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அய்யா சிரித்தார். "பண்ணிப் பாரு. பண்ணிட்டா அது உன் படகு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, "மதினி படகு ஓட்டுனா நான் வீட்ல சோறு பொங்குறேன்" என்றார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தேனியில் பைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற ஒரு பட்டறை வாசலில் போய் உட்கார்ந்து அவள் வேலையைப் பார்த்தாள். கேட்டதற்குச் சொன்னார்கள், கேட்காததைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு ஊருக்கு வந்து தளத்தை ஓரத்தோடு ஓரமாக அறுத்தாள். அறுத்த துண்டுகளை நெம்பித் தூக்கியபோது எழுந்த நாற்றம் செத்த எலி நாற்றம். உள்ளே பலகை கறுத்துச் சகதியாகியிருந்தது. அடியில் அடைத்திருந்த தெர்மகோல் தண்ணீர் குடித்துக் கனத்துப்போயிருந்தது. தாங்கு கட்டைகளைக் கையாலேயே பிய்க்க முடிந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் படகைப் பல நாள் வெயிலில் காய விட்டோம். கோடை மழை வந்த மாலைகளில் ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். பிறகு புதுக் கட்டை, புதுப் பலகை, அதன் இரண்டு பக்கமும் ரெசின் என்கிற பிசின், மேலே பஞ்சுப் பாய் போன்ற கண்ணாடி இழை, மறுபடியும் ரெசின். இறுகுவதற்கு ஊற்றும் மருந்து கொஞ்சம் கூடிவிட்டால் டப்பாவுக்குள்ளேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். முதலில் இரண்டு டப்பா அப்படிப் போனது.

ஒருநாள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் பின்னல் சரிந்து ரெசினுக்குள் விழுந்துவிட்டது. கவனிப்பதற்குள் விறைத்துப்போனது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. "அறுத்துரு" என்று கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள். இடுப்புவரை தொங்கிய முடி கழுத்தோடு போயிற்று. குழாயடியில் ஒரு அத்தை, "ஏ ஆத்தா, புருசன் உசுரோட இருக்கையில இதென்ன கோலம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அம்மா துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு படகுக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் ஏறியதும் படகை இறக்கி, மணல் மூட்டைகளை அடுக்கி இரவெல்லாம் மிதக்க விட்டாள். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அம்மா தளத்தில் ஏறி நின்று குதிகாலால் மிதித்துப் பார்த்தாள். என்னையும் ஏறிக் குதிக்கச் சொன்னாள்.

முதல் ஓட்டத்தன்று படகுக்கு மாலை போட்டிருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு கரையில் நின்றார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அய்யா கம்பை ஊன்றியபடி வந்து, "நீ நில்லு. தம்பி ஓட்டட்டும்" என்றார். சித்தப்பா துடுப்போடு முன்னமே ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு என்ன சொன்னீக?" என்று கேட்டாள் அம்மா.

"வெளாட்டுக்குச் சொன்னதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. கல்யாணம் ஆகப்போற பய, அவனுக்கு ஒரு தொழில் வேணும்ல? ஊரே பாக்குது, சும்மா இரு" என்றார் அய்யா.

அம்மா அந்தப் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தியாவது வாயைத் திறப்பாள் என்று நானும் பார்த்தேன். அவர்கள் அம்மாவைப் பாராமல் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். படகு வேலை பார்த்த கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மா கரையேறினாள்.

அதற்கப்புறம் அவள் அந்தப் படகில் கால் வைக்கவில்லை. அக்கரை வேலைக்கு இருட்டோடு கிளம்பி, அணையைச் சுற்றிப் போய்வந்தாள். மற்றவர்கள் வந்து சாப்பிட்டு உட்கார்ந்தபிறகுதான் அவள் வந்து சேருவாள். சித்தப்பா கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினாள். சண்டை எதுவும் போடவில்லை. அய்யாவோடு பேச்சு மட்டும் குறைந்தது, அதுவும் சோறு, மாத்திரை அளவுக்கு வந்து நின்றது. நான் அக்கரைப் பள்ளிக்கு அந்தப் படகில்தான் போனேன். முதல் சில நாட்கள், "தளம் அமுங்குதா?" என்று கேட்டாள். இல்லை என்பேன். "அமுங்காது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்ப்பாள். அய்யா வருகிறவர்களிடமெல்லாம், ஒடிந்த காலோடு தான் கிட்ட இருந்து செய்த வேலை என்று சொன்னார். சொல்லிச் சொல்லி ஊரும் அப்படியே நம்பியது, கடைசியில் அவரும் நம்பினார். எனக்கு நல்ல அய்யாவாக இருந்தவர் அவர். அவர் செத்தபோது அழுதேன். இருந்தும் இதை அம்மாவுக்குப் பதிலாக நான் மன்னித்துவிட முடியாது. அது என் கையில் இல்லை.

இப்போது ஊருக்கு மினிபஸ் வருகிறது, பெண்களை வேலைக்கு ஏற்றிப்போக வேனும் வருகிறது. படகுத்துறை இருந்த இடத்தில் கருவேல மரம் மண்டிக் கிடக்கிறது. அம்மா என்னோடு தேனியில் இருக்கிறாள். போன மாதம் சித்தப்பா மகன், தன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தான். பேச்சு எங்கெங்கோ போய்ப் படகில் வந்து நின்றது.

"அப்பாவும் பெரியப்பாவும் சேந்து அந்தத் தளத்தப் போட்டாகளாம்ல பெரியம்மா? அப்பா சாகுற வரைக்கும் அதையே சொன்னாக. பழைய இரும்புக்காரன்கூட பைபர எடுக்க மாட்டேன்ட்டான். இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு, கொளுத்திட்டோம்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவள் அவனுக்குக் காபி கொடுத்து, வெற்றிலைத் தட்டை வாங்கி வைத்தாள். அவன் போனதும், "சொல்லியிருக்கலாம்லம்மா" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? அதான் எரிச்சுட்டாகல்ல" என்றாள். பத்திரிகையைப் பிரிக்காமலே மேசைமேல் போட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு நீ வேணும்னா போ. நான் வரல" என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.