பைகளுக்குக் காவல் இருந்தவள் ஏரி பார்த்தது

டோக்கன் அக்கா என்றால் அந்தத் துணிக்கடையில் தெரியாதவர்கள் கிடையாது. வாசலில் நுழைந்ததும் இடது பக்கம், முழங்கால் இடிக்கும் அளவுக்கு ஒரு தடுப்பு, அதற்குள் அவள். வருகிறவர்களின் பையை வாங்கி அலமாரியில் வைத்து, பிளாஸ்டிக் டோக்கனைக் கையில் திணிப்பாள். பெற்ற பிள்ளையைக்கூட டோக்கன் இல்லாமல் திருப்பிக் கொடுக்க மாட்டாள் என்று கடையில் கேலி பேசுவார்கள்.

வேலைதான் அப்படி என்றால் வீட்டிலும் அதே கதை. சின்ன வயதில் தம்பி தங்கைகள் ஆற்றில் குதிப்பார்கள். செருப்புக்குக் காவல் இவள். கல்யாணமாகிக் கடற்கரைக்குப் போனால் புருஷனும் பிள்ளையும் அலையில் ஆடுவார்கள்; கைக்கடிகாரமும் சட்டையும் இவள் மடியில். "கொஞ்சம் பாத்துக்கோ, இதோ வந்துடறோம்" என்பார்கள். அந்த 'இதோ' அவள் வாழ்நாளில் பாதியைத் தின்றிருக்கிறது. நீ கால் நனைத்தாயா என்று ஒருவரும் கேட்டதில்லை.

கடையிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வேன் வைத்து எங்காவது கூட்டிப்போவார்கள். இந்தத் தடவை மலை. நடுவழியில் அருவி, உச்சிக்குச் சற்றுக் கீழே ஏரி. அந்த ஏரியைப் பார்த்தே தீருவது என்று, பிள்ளையின் பழைய கான்வாஸ் ஷூவுக்குள் காகிதம் திணித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

லேசுப்பட்ட ஏற்றமா அது? வேரைப் பிடித்துத் தொங்கி, ஈரப் பாறையில் தவழ்ந்து, காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் பிய்த்து எறிந்து, மூச்சு தொண்டையில் வந்து நின்றபோதுதான் அருவி வந்தது. வந்ததும் ஆளாளுக்குப் பையை அவள் காலடியில் போட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற மாதிரி போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினார்கள். சரி, அவர்கள் குளித்து முடிக்கட்டும் என்று பொறுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மேனேஜர், அவளைவிட வயதில் சின்னவன், சொன்னான்:

"அக்கா, ஏரிக்குப் போயிட்டு வந்து சாப்பிடறோம். நீங்க இங்கயே இருங்க. பைக்கு ஒரு ஆள் வேணும்ல."

"நானும் வர்றேன் சார்."

"உங்க முட்டிக்கு எதுக்கு இந்த வேலை? ஏரியில என்ன இருக்கு, தண்ணிதான்."

"தண்ணிதானே? அப்ப நீங்க எதுக்குப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். "அக்காவுக்கு இன்னிக்கு வாய் நீளுது" என்றார் கடைத் தையல்காரர். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

அவளுக்குக் காது மடல் கொதித்தது. குனிந்து பார்த்தாள். பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கை தன்பாட்டுக்குப் பைகளைப் பெரிது, சிறிது என்று பாறைமேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. அதைக் கண்டதும்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "நாசமாப் போற கை!" என்று தன் கையையே ஓங்கி அடித்தாள். தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்தாள். நடந்தாள்.

பாதை செங்குத்து. வைத்த காலுக்கடியில் கல் உருண்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆளைத் திட்டினாள். மேனேஜரில் தொடங்கி, புருஷனைத் தாண்டி, ஆற்றங்கரையில் செருப்பைக் கழற்றிக் கொடுத்த தம்பி வரைக்கும் போனாள். திட்ட ஆள் தீரவில்லை, அதனால் காலும் நிற்கவில்லை.

பாதி வழியில் அவர்கள் எதிரே இறங்கி வந்தார்கள். மேனேஜரின் பேன்ட் முழுக்கச் சேறு.

"ஒரே வழுக்கல்க்கா, ஏரி வரைக்கும் போக முடியல. ஆமா, நீங்க எங்க இங்க? பையெல்லாம்?"

"பாறையில."

"யாரு பாத்துக்கறா?"

"உங்க பை, உங்க கண்ணு. போய்ப் பாத்துக்கங்க."

"ஐயோ, சாப்பாடெல்லாம் அதுலதான இருக்கு! குரங்கு!" என்று அவன் ஓட, பின்னாலேயே எல்லோரும் ஓடினார்கள். பில் போடும் பெண் மட்டும் நின்றாள்.

"தனியாப் போகாதீங்கக்கா, விழுந்துடுவீங்க."

"விழுந்தா எந்திரிச்சுக்கறேன். நீ போடி, உன் பையைப் பாரு."

விழவும் விழுந்தாள். உள்ளங்கை உரிந்தது. திட்டிக்கொண்டே எழுந்தாள்.

ஏரி அவள் நினைத்த அளவு பெரிதில்லை. கறுத்த தண்ணீர், நடுவில் ஒரு பட்டமரம், அதன்மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. ஷூவைக் கழற்றி வைத்தாள். யாரிடம் சொல்லிவிட்டு இறங்குவது என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இடுப்பளவுக்கு இறங்கினாள். குளிரில் பல் கிட்டியது. கோபம் ஆறிப்போயிற்று என்று சொன்னால் அது பொய். இத்தனை வருஷமாக இதையா எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தீர்கள் என்று அது இன்னும் கூடியது.

ஈரப் புடவையோடு அவள் வேனுக்கு வந்து சேர்ந்தபோது எல்லோர் முகமும் வாடிக் கிடந்தது. குரங்கு ஒரு பொட்டலம் விடவில்லை.

"பொறுப்புன்னு ஒண்ணு இருக்காக்கா உங்களுக்கு?" என்று பாய்ந்தான் மேனேஜர்.

"இருக்கு. கடையில வெச்சுட்டு வந்திருக்கேன். இன்னிக்கு லீவு."

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பில் போடும் பெண் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தாள்.

"ஏரி எப்படிக்கா இருந்துச்சு? என்ன இருந்துச்சு அங்க?"

டோக்கன் அக்கா முன் சீட்டில் இருந்த மேனேஜரின் பிடரியைப் பார்த்தாள்.

"தண்ணிதான்" என்றாள், அவனுக்குக் கேட்கும்படி.