மைக்கில் கேட்ட மன்னிப்பு

என் அக்காள் புருஷன் சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை, தேனியிலிருந்து முதல் பஸ் பிடித்து நானும் கம்பத்துக்குப் போயிருந்தேன். எங்கள் சபைகளில் சாட்சி என்பது, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எல்லாருக்கும் முன்னால் எழுந்து சொல்வது. மச்சான் சொல்லப்போனது குடியை விட்ட கதை.

கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் அவருடையது. சாயங்காலம் மலையிறங்கினால் வீட்டுக்கு நேராக வரமாட்டார். வந்தபின் என்ன நடந்தது என்பதை நாங்கள் வெளியே சொன்னதே கிடையாது. அன்று அவரே மைக்கைப் பிடித்துச் சொன்னார். சோற்றுப் பானையைச் சாக்கடையில் கவிழ்த்தது, அக்காளின் கையை முறுக்கி எலும்பை உடைத்தது, அது கோணலாகக் கூடியது என்று ஒன்று விடவில்லை. நன்றாகப் பேசினார் மனிதர். கண்ணீர் வேறு. "இம்புட்டையும் ஆண்டவர் மன்னிச்சுட்டாரு" என்று அவர் கையை உயர்த்தியதும் சபையே ஸ்தோத்திரம் சொன்னது. நானும்தான் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் அக்காளின் கையைப் பார்க்கத் திரும்பின. அவள் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏலே தம்பி, என்னைய அடிச்சதுக்கு ஆண்டவர் மன்னிச்சுட்டாருன்னு சொன்னாகள்ல. அடி வாங்குனது நான்தான?"

நான் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறவன். கேள்வி வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். பாவம் என்றால் முதலில் அது கடவுளுக்கு விரோதமானது என்று ஆரம்பித்தேன். வேதத்தில் ஒரு ராஜா, அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டான். அவள் புருஷனைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்தான். அவன்கூடப் பிறகு மனம் கசந்து அழுதபோது, கடவுள் ஒருவருக்கு எதிராகத்தான் பாவம் செய்ததாகச் சொன்னான் என்றேன்.

"அப்ப அந்தச் செத்தவனுக்கு ஒண்ணுமில்லையா?"

எத்தனையோ தடவை நடத்திய பாடம் அது. செத்துப்போன சிப்பாய் பக்கம் நின்று ஒருநாளும் நான் அதை வாசித்ததில்லை.

"நான் என்ன அவுகளுக்குத் தண்டனையா கேக்குறேன்? எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். அம்புட்டுத்தான்" என்றாள் அக்காள்.

அவள் கேட்டது அநியாயமில்லை. யூதர்களுக்கு வருஷத்தில் ஒரு பாவநிவிர்த்தி நாள் உண்டு. ஆனால் மனுஷருக்கு மனுஷர் செய்த தீங்கு அந்த நாளில் தானாகக் கழியாது, நோகடிக்கப்பட்டவரிடம் போய்க் கேட்டாக வேண்டும் என்பது அவர்கள் மரபு. இயேசுவும், பீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றுதான் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் ஜீப் ஸ்டாண்டில் வைத்து மச்சானிடம் எடுத்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "நம்ம பாவத்தையெல்லாம் ஆண்டவர் கடல் ஆழத்துல போட்டுட்டாரு. நீ எதுக்கு மாப்ள தூண்டிலத் தூக்கிட்டு வர்ற?"

பக்கத்து டிரைவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடவுள் மன்னிக்கக் கூடாது என்று யார் சொன்னது? என் அக்காள் கொடுக்க வேண்டிய மன்னிப்பையும் சேர்த்து ஆண்டவரிடமே வாங்கிக்கொண்டால் எப்படி?

பொய் சொல்லக்கூடாது. அதற்குப்பின் மனிதர் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. ஞாயிறுதோறும் மீன் வாங்கி வந்தார். சபையிலும் பெரிய ஆளாகிவிட்டார். ஆனாலும் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து நாட்களில் அவர் பீடத்துக்குப் போக எழுந்தால், நடுவில் நின்று தன் பக்கம் திரும்புவாரா என்று அக்காள் பார்ப்பாள். நானே கவனித்திருக்கிறேன். அவர் நேரே போய் முழங்காலிடுவார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று அவளைத் தேனிக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒருநாள் மச்சான் என் பெயிண்ட் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்பல்லாம் பீடத்துக்குப் போறதில்ல மாப்ள. எந்திரிச்சா காலு வரமாட்டேங்குது."

நான் கணக்கு நோட்டை மூடி வைத்தேன்.

"ஆண்டவர் மன்னிச்சுட்டாரு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது பத்தல. நீ அவ கூடப்பொறந்தவன். அவளுக்குப் பதிலா நீ ஒரு வார்த்தை சொல்லு."

இந்த மனிதரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும் என்று பல வருஷமாகக் காத்திருந்தவன் நான். அவரைப் பார்க்கப் பார்க்க ஒன்றும் வரவில்லை.

"என் கோபத்த வேணா விட்டுடறேன் மச்சான். அவ குடுக்க வேண்டியத நான் எப்படிக் குடுக்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டிருந்தா மன்னிச்சிருப்பாளா?" என்றார்.

மாட்டாள், கேட்டும் பயனிருந்திருக்காது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மனிதருக்குப் பாரம் இறங்கியிருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

"நீங்க சாட்சி சொன்ன அன்னைக்கு மத்தியானமே மன்னிச்சிருப்பா, மச்சான்" என்றேன்.